தொடாமல் விட்ட வெள்ளை

அடுப்படிச் சாமானை ஓவியத்துக்கு உட்கார வைத்தவர்கள் ஏராளம். ஆனால் நீர்வண்ணத்தில் ஒரு பால் ஜாடிக்கு பிரெஞ்சு ஓவியர் செசானைப் போல மரியாதை செய்தவர் இன்னொருவர் உண்டா என்பது எனக்குச் சந்தேகம்தான். 1906இல் அவர் இறந்தார். அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் வரைந்த நீலப் பானை ஓவியம் இன்று லாஸ் ஏஞ்சல்ஸின் கெட்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீல எனாமல் பானை, வெள்ளைப் பால் ஜாடி, சில ஆப்பிள்கள், கசங்கிக் கிடக்கும் பூவேலைத் துணி. அவ்வளவுதான் சாமான்.

ஜாடியை மட்டும் உற்றுப் பாருங்கள். அதன் வயிற்றில் பெரும்பகுதி வெறும் தாள். ஓரங்களில் மெல்லிசாக இழைத்த நிழல்தான் அந்த வெறுமையை உருட்டித் திரட்டி ஜாடியாக்குகிறது. தைல வண்ணக்காரருக்கு இது பெரிய பாடில்லை; கடைசியில் வெள்ளையைத் தொட்டு ஒரு மினுக்கு வைத்துவிடலாம். நீர்வண்ணத்தில் வெளிச்சம் என்றால் தாள்தான். எங்கே தொடக்கூடாது என்பதைத் தூரிகையை நனைக்கும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். (பிறகு வெள்ளையைப் பூசிச் சரிக்கட்டுபவர்களும் உண்டு. சுண்ணாம்பு அடித்தது பார்த்ததுமே தெரிந்துவிடும்.)

பென்சில் கோடுகளையும் அவர் அழிக்கவில்லை. ஒரே விளிம்புக்குப் பல கோடுகள். இதுதான் சரி என்று எதற்கும் தீர்ப்பு எழுதாமல் எல்லாவற்றையும் விட்டுவைத்திருக்கிறார்.

1904இல் ஏக்ஸ் நகருக்கு அவரைத் தேடிப் போன ஓவியர் எமில் பெர்னார், வேலைமுறையை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். நிழலில் முதல் திட்டு. அதைத் தாண்டிப் பரவும் இரண்டாவது. அதன் மேல் மூன்றாவது. பெர்னார் பார்த்தது செசான் மலைக்காட்சி ஒன்றை வரையும்போது. பானையை வரைந்ததும் அதே கைதான். முந்தைய பூச்சு காயும்வரை காத்திருந்தால் அடிநிறம் மேல்நிறத்தின் வழியே தெரியும். அவசரப்பட்டால் எல்லாம் கலங்கிச் சேறாகிவிடும்.

எவர்சில்வர் டம்ளரில் ஜன்னல் கம்பி வரைக்கும் பிரதிபலிக்க வரையும் கெட்டிக்காரர்கள் இன்று நிறைய. ‘போட்டோ மாதிரியே இருக்கே’ என்று வியந்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். செசானிடம் அப்படி நகர முடிவதில்லை. பானை கண்ணெதிரே உருவாகிக்கொண்டே இருக்கிறது.

தாள் ஏறக்குறைய 48க்கு 63 செ.மீ. போகிறபோக்கில் கிறுக்கிய குறிப்பு இல்லை, முழு ஓவியமாகவே நினைத்துச் செய்த வேலை. வெளிச்சத்தில் நிறம் வெளுக்கும் என்பதால் இத்தகைய தாள்களை அருங்காட்சியகங்கள் நிரந்தரமாக மாட்டிவைப்பதில்லை. நமக்குக் கிடைப்பது அச்சுப்படம்தான். மட்டமான அச்சில் முதலில் அடிபடுவது ஜாடியின் வெள்ளை. நல்ல அச்சாகத் தேடிப் பிடியுங்கள்.