இரண்டு சீசன், ஒரே உடம்பு

2015 தொடக்கத்தில் அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை டயானா டராசி தன் பீனிக்ஸ் மெர்குரி அணியின் ரசிகர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். வரும் கோடையில் ஆடப்போவதில்லை என்பது செய்தி. முந்தைய ஆண்டுதான் பீனிக்ஸ் கோப்பையை வென்றிருந்தது. ரஷ்யாவின் யூஎம்எம்சி எகாடெரின்பர்க் கிளப் அவருக்கு ஒரு சீசனுக்குச் சுமார் 15 லட்சம் டாலர் கொடுத்துவந்தது. கோடையில் ஓய்வெடு, சொந்த நாட்டில் இழக்கும் சம்பளத்துக்கும் நாங்கள் பொறுப்பு என்றது அந்த கிளப். அந்த இழப்பு சுமார் 1,07,000 டாலர்தான். அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீகான டபிள்யூஎன்பிஏ அன்று கொடுத்த உச்சச் சம்பளமே அவ்வளவுதான். உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் ஒருவரைத் தன் நாட்டு லீகில் ஆடாமல் இருக்கவைப்பது ஒரு வெளிநாட்டு முதலாளிக்கு அத்தனை எளிதாக இருந்தது.

1997-இல் ஆண்கள் லீகான என்பிஏ ஆதரவில் தொடங்கிய டபிள்யூஎன்பிஏ கோடையை ஒட்டியே நடக்கிறது. குளிர்காலத்தில் அரங்குகளும் தொலைக்காட்சி நேரமும் ஆண்களுக்கு. ஐரோப்பாவில் சீசன் அக்டோபரில் தொடங்கி ஏப்ரல், மே வரை ஓடும். இந்த இடைவெளி வழியாகத்தான் அமெரிக்க வீராங்கனைகள் ஆண்டுதோறும் மாஸ்கோவுக்கும் இஸ்தான்புல்லுக்கும் சீன நகரங்களுக்கும் போனார்கள். இதை வெறும் சுரண்டல் என்று ஒதுக்கிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த வழக்கம் உண்மையாகவே பலரை வாழவைத்திருக்கிறது.

ஆலி குய்க்லியை எடுத்துக்கொள்ளுங்கள். அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2008-இல் 22-ஆவது இடத்தில் தேர்வானவர். ஓர் அணி எடுக்கும், சில வாரங்களில் விடுவிக்கும். அடுத்த அணி எடுக்கும், அதுவும் விடுவிக்கும். 2012-இல் டபிள்யூஎன்பிஏ-வில் அவருக்கு இடமே இல்லை. அன்று பன்னிரண்டு அணிகள், அணிக்கு அதிகபட்சம் பதினொரு பேர் என்றிருந்த லீகில் நல்ல ஆட்டக்காரர்கூடத் தெருவில் நிற்கவேண்டியதுதான். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்குப் பந்தைக் கூடையில் போடும் துணிச்சல் எங்கிருந்து வரும்? ஐரோப்பாவில் குய்க்லிக்கு ஆடும் நிமிடங்கள் கிடைத்தன. ஆட்டம் இறுகும் நேரத்தில் பந்து அவர் கைக்கு வந்தது. 2013-இல் சிகாகோ ஸ்கை அணிக்கு வந்தவர் 2014, 2015 இரண்டு ஆண்டும் சிறந்த மாற்று ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். 31 வயதில் முதல்முறையாக ஆல்-ஸ்டார் ஆனார். மூன்று புள்ளி எறிதல் போட்டியை நான்கு முறை வென்றார். 2021-இல் சிகாகோ கோப்பையை வென்றபோது அந்த அணியில் இருந்தார். ஐரோப்பா இல்லாமல் இந்த வாழ்க்கை இல்லை. இந்த வழக்கத்தின் ஆகச்சிறந்த பயனாக நான் கருதுவது பெரிய நட்சத்திரங்களின் லட்சங்களை அல்ல, குய்க்லி போன்றவர்களுக்குக் கிடைத்த இரண்டாம் வாய்ப்பையே.

ஆனால் அந்த லட்சங்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் அடித்தளத்தின் பலவீனம் தெரியும். டராசியும் சக அமெரிக்க வீராங்கனை சூ பேர்டும் ஸ்பார்டக் மாஸ்கோவில் ஆடியபோது அந்த கிளப்பைத் தாங்கியவர் ஷப்தாய் கல்மனோவிச் என்ற செல்வந்தர். சோவியத் யூனியனுக்கு உளவு பார்த்த குற்றத்துக்காக இஸ்ரேலில் சிறையிலிருந்தவர். வீராங்கனைகளைத் தன் வீட்டிலேயே தங்கவைத்தார், கேட்டதையெல்லாம் கொடுத்தார். 2009 நவம்பரில் மாஸ்கோவில் சுட்டுக் கொல்லப்பட்டார். எகாடெரின்பர்க்கைத் தாங்கியது ஒரு பெரும் சுரங்க, உலோக நிறுவனம். சொந்த நாட்டில் சாதாரண விமான இருக்கையில் முழங்காலை மடக்கிப் பறந்தவர்கள் அங்கே தனி விமானத்தில் போனார்கள். இதெல்லாம் டிக்கெட் விற்று வந்த பணமல்ல, புரவலரின் விருப்பம். விருப்பம் மாறினால், அல்லது ஆளே போய்விட்டால், கேள்வி கேட்க இடமில்லை.

இதைவிட ஆழமான குறை, அந்தப் பணம் அமெரிக்க லீகைச் சோம்பலாக்கியது. ஆட்டக்காரர்களின் வாழ்க்கைச் செலவை ரஷ்யாவும் துருக்கியும் பார்த்துக்கொள்ளும்போது டபிள்யூஎன்பிஏ-வுக்குச் சம்பளத்தை உயர்த்தும் அவசரம் எங்கே இருந்தது? இரண்டு தரப்பும் ஆதாயம் பார்த்தன. விலையைக் கொடுத்தது ஆட்டக்காரரின் உடம்பு.

2019 ஏப்ரலில் ஹங்கேரியின் சோப்ரோன் நகரில் ஐரோப்பிய கிளப் போட்டியான யூரோலீக்கின் இறுதி ஆட்டம். ரஷ்யாவின் டைனமோ குர்ஸ்க் அணிக்காக ஆடிய அமெரிக்க வீராங்கனை பிரியானா ஸ்டூவர்ட்டின் குதிகால் தசைநார் அறுந்தது. முந்தைய ஆண்டு சியாட்டில் அணியோடு கோப்பையை வென்று, டபிள்யூஎன்பிஏ-வின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருதையும் பெற்றவர் அவர். 2019 சீசன் முழுதும் போயிற்று. லீக் அவரைச் சம்பளத்தோடு தூதராக வைத்துக்கொண்டது. அது நட்சத்திரம் என்பதால் கிடைத்த ஆதரவு. ஆஸ்திரேலியாவின் லாரன் ஜாக்சனையும் நினைக்கிறேன். சியாட்டில், கான்பெரா, மாஸ்கோ, தேசிய அணி என்று ஓயாமல் ஆடியவர். மூன்று முறை டபிள்யூஎன்பிஏ-வின் சிறந்த ஆட்டக்காரர். 2016-இல் முழங்கால் ஒத்துழைக்க மறுத்ததால் 34 வயதில் விலகினார். காயத்துக்கு ஒரே காரணம் இந்த ஓட்டம்தான் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஆண்டு முழுவதும் ஓய்வின்றி ஆடும் மூட்டுகள் எவ்வளவு நாள் தாங்கும்?

உடம்பு மட்டுமல்ல, சுதந்திரமும் பணயமானது. 2022 பிப்ரவரி 17 அன்று அமெரிக்க வீராங்கனை பிரிட்னி கிரைனர் எகாடெரின்பர்க் அணிக்குத் திரும்பும் வழியில் மாஸ்கோ விமான நிலையத்தில் கைதானார். பையில் கஞ்சா எண்ணெய் கொண்ட வேப் குப்பிகள். ஒன்பது ஆண்டு சிறைத் தண்டனை. டிசம்பர் 8 அன்று ஆயுத வியாபாரி விக்டர் பூட்டுக்கு ஈடாக விடுதலையானார். அவர் ஏன் ரஷ்யா போனார் என்று அமெரிக்காவில் பலர் கேட்டார்கள். சொந்த நாட்டில் கிடைத்ததைப் போலப் பல மடங்கு சம்பளம் அங்கே இருந்தது என்பதே பதில். அந்தக் கேள்வி அவரிடம் கேட்கப்பட வேண்டியதே அல்ல, லீகிடம் கேட்கப்பட வேண்டியது.

லீக் கொஞ்சம் விழித்துக்கொண்டதை மறுக்கமாட்டேன். 2019-இல் 1,17,500 டாலராக இருந்த உச்சச் சம்பளம், 2020 ஒப்பந்தத்தில் 2,15,000 ஆனது. ஆனால் அதே ஒப்பந்தத்தில் ஒரு கடிவாளமும் இருந்தது. இரண்டு ஆண்டுக்கு மேல் அனுபவம் உள்ளவர் 2023 முதல் தாமதமாக வந்தால் அபராதம். 2024 முதல் பயிற்சி முகாமுக்கு நேரத்தில் வராவிட்டால் சீசன் முழுக்க ஆடமுடியாது என்றது அந்த ஒப்பந்தம். நட்சத்திரத்துக்கு விளம்பர வருமானம் உண்டு, சமாளித்துவிடுவார். குறைந்த சம்பளத்தில் ஆண்டுக்கு ஆண்டு இடத்துக்குப் போராடும் நடுத்தர ஆட்டக்காரரோ ஐரோப்பாவில் கிடைக்கும் உறுதியான ஒப்பந்தத்தையும் பணயம் வைக்கவேண்டியிருந்தது. பெல்ஜியத்தின் எம்மா மீஸ்மனுக்கு ஐரோப்பாதான் தாயகம். 2019 இறுதித்தொடரின் சிறந்த ஆட்டக்காரரான அவர் 2023, 2024 இரண்டு ஆண்டும் டபிள்யூஎன்பிஏ-வில் ஆடவில்லை. 2023-இல் பெல்ஜியத்தோடு ஐரோப்பியக் கோப்பையை வென்றார். ஐரோப்பியரிடமும் முதலில் அமெரிக்காவுக்கு வா என்று சொன்ன விதி எனக்கு நியாயமாகப் படவில்லை. போதிய ஊதியம் கொடுத்த பிறகு கேட்கவேண்டிய விசுவாசத்தை, கொடுப்பதற்கு முன்பே கேட்டார்கள்.

ஸ்டூவர்ட்டும் சக ஆட்டக்காரர் நபீசா காலியரும் சேர்ந்து தொடங்கிய, அணிக்கு மூவர் களத்தில் ஆடும் அன்ரைவல்ட் என்ற லீக் 2025 ஜனவரியில் மியாமியில் ஆரம்பித்தது. குளிர்காலத்தில் வீட்டருகே ஆடி நல்ல சம்பளமும் பெறலாம், லீகில் பங்கும் உண்டு. ஆட்டக்காரர்களே கட்டிய மாற்று இது, மனமார வரவேற்கிறேன். ஆனால் முதல் சீசனில் அங்கே இருந்த இடம் 36 பேருக்குத்தான். மீதிப் பெரும்பான்மைக்கு வெளிநாடு இன்னும் தேவைப்படுகிறது. 11 ஆண்டுகளுக்குச் சுமார் 220 கோடி டாலர் ஒளிபரப்பு உரிமைப் பணம் கையில் உள்ள டபிள்யூஎன்பிஏ, அவர்கள் போவதைத் தண்டிப்பதற்கு முன் இரண்டு காரியம் செய்யவேண்டும். கீழ்த்தட்டுச் சம்பளத்தை உயர்த்தவேண்டும். துருக்கியிலோ போலந்திலோ முழங்கால் போனவருக்கும், ஸ்டூவர்ட்டுக்குக் கிடைத்ததுபோல ஒரு சீசன் சம்பளம் கிடைக்க வழிசெய்யவேண்டும்.