'பிளசீபோ'வும் 'மருந்துப்போலி'யும்

மருத்துவக் கலைச்சொற்களுட் சில, பொருளை மட்டுமன்றி, அதனை வழங்கியோரின் நோக்கையும் உடன்சுமந்து வருவன. 'பிளசீபோ' இதற்குத் தக்க சான்றாகும். நோய்தீர்க்கும் மருந்துப்பொருள் எதுவுமின்றி, மருந்தின் வடிவில் மட்டும் வழங்கப்படும் சீனிக்குளிகை முதலியவற்றை அது குறிக்கும்.

இலத்தீனில் இது பெயர்ச்சொல்லன்று. 'நான் மகிழ்விப்பேன்' எனப் பொருள்தரும் வினைமுற்று. இலத்தீன் விவிலியச் சங்கீத அடியொன்று இச்சொல்லுடன் தொடங்குகின்றது. இடைக்கால ஐரோப்பாவில் இறந்தோருக்கான மாலை வழிபாட்டில் அவ்வடி ஓதப்பட்டமையால் வழிபாட்டுக்கே அப்பெயர் வழங்கிற்று. நாளடைவில், ஆதாயங்கருதிப் புகழ்வோனை இச்சொல்லால் இகழும் வழக்கு ஆங்கிலத்தில் எழுந்தது. பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் சோசர், 'வணிகன் கதை'யில் முகத்துதி செய்யும் பாத்திரத்துக்கு இப்பெயரையே சூட்டினார். 1785இல் மதர்பியின் மருத்துவ அகராதியில் இடம்பெற்ற இச்சொல், 1811இல் வெளிவந்த ஹூப்பரின் அகராதியில், நோயாளருக்குப் பயன் விளைப்பதிலும் பார்க்க அவரை மகிழ்விக்கவே கொடுக்கப்படும் மருந்து என விளக்கம் பெற்றது. இவ்வினைமுற்றின் எழுவாய் மருத்துவர் என்பதும், நோயாளர் வெறும் செயப்படுபொருள் என்பதும் மனங்கொள்ளத்தக்கன.

தமிழில் வழங்கும் 'மருந்துப்போலி' இந்நோக்கிலிருந்து விலகி, பொருளையே சுட்டுகின்றது. எனினும், அன்றாட வழக்கிற் 'போலி' ஏமாற்றையே நினைவூட்டும். இலக்கண மரபிலோ அது பழிச்சொல்லன்று. 'நலம்' என்பது 'நலன்' என வருவதுபோல், ஓரெழுத்தின் இடத்தில் பிறிதோரெழுத்து நிற்பதே போலி. மருத்துவப் பரிசோதனையில் மருந்தின் இடத்தில் நிற்கும் குளிகைக்கு இப்பொருளே ஏற்புடையது. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. இலக்கணப் போலியிற் பொருள் மாறுவதில்லை. பரிசோதனையிலோ பயன் எவ்வளவு மாறுகின்றது என்பதே வினா.

இவ்விரு பொருள்களையும் பிரிப்பது நோயாளரின் அறிவும் சம்மதமுமே. 1964ஆம் ஆண்டின் ஹெல்சிங்கிப் பிரகடனம் ஆய்வுக்கு உட்படுவோரின் சம்மதத்தை வலியுறுத்திற்று. தமக்குப் போலி கிடைக்கவுங்கூடும் என அறிந்து உடன்பட்டவர் ஏமாற்றப்பட்டவரல்லர். சிகிச்சை அறையில் அதனையே மருந்தென நம்பிப் பெறுபவரின் நிலை வேறு. மகிழ்விப்பதற்கு மறைப்பு இன்றியமையாதது என்பாரும் உளர். 2010இல் கப்சக் குழுவினர் குடற்கோளாறு உடைய 80 பேரிடையே நடத்திய ஆய்வு இக்கூற்றை ஐயுறச் செய்தது. மருந்தற்ற குளிகையே எனக் கூறிக் கொடுக்கப்பட்டோரும், குளிகை பெறாதோரைவிடக் கூடுதலான ஆறுதலைத் தெரிவித்தனர். இது நோயையே மாற்றிற்று எனக் கொள்ளுதல் மிகையாகும். 2001இல் வெளிவந்த விரிவான மீளாய்வு, இத்தகைய பயன் பெரும்பாலும் நோவு போன்று நோயாளர் தாமே உணர்ந்துரைக்கும் குறிகளளவில் நிற்பதைக் காட்டியது.

எனவே, 'மருந்துப்போலி' பேணத்தக்க சொல்லே. ஆனால் அது இலக்கணப் போலியா, வஞ்சகப் போலியா என்பதை நிர்ணயிப்பது அகராதியன்று. நோயாளரிடம் உண்மை கூறப்பட்டதா என்பதேயாகும்.