பண்டிகை நாளின் கணக்கு

பண்டிகையைப் பற்றிக் கதை எழுதுவது சுலபம் என்று பலரும் நினைக்கிறார்கள். அதைவிடக் கஷ்டமான காரியம் ஒரு நாவலாசிரியனுக்கு வேறு இல்லை என்பது என் அபிப்பிராயம். சாவையும் பிரிவையும் எழுதும்போது வாசகனுடைய அனுதாபம் ஆசிரியனுக்குப் பாதி வேலையைச் செய்துவிடுகிறது. ஒரு வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள் என்று எழுதினால் அடுத்த வரிக்கு என்ன எழுதுவது? இனிப்பின் மேல் இனிப்பாகப் போட்டு, திகட்டிப்போகும்வரை பரிமாறிவிடுகிறார்கள் முக்கால்வாசிப் பேர்.

ஐரோப்பிய, அமெரிக்க இலக்கியத்தில் கிறிஸ்துமஸ் கதை என்பது தனியாக ஒரு ஜாதி. நம் தீபாவளி மலர்களைப் போலவே அங்கும் பத்திரிகைகள் கிறிஸ்துமஸுக்கென்று சிறப்பிதழ்கள் போட்டன. ஆயிரக்கணக்கில் கதைகள் வந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றைக் காலம் பெருக்கித் தள்ளிவிட்டது. சில நின்றன. குழந்தைகள் உள்ள வீட்டைப் பற்றி நின்ற நாலு கதைகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஏன் நின்றன என்று கேட்டால், என்னிடம் உள்ள பதில் மிகவும் எளிது. இவற்றை எழுதியவர்கள் வீட்டுக் கணக்குத் தெரிந்தவர்கள். அந்த வீட்டில் எத்தனை பேர், எவ்வளவு பணம், எத்தனை குவளை என்பது அவர்களுக்குத் தெரியும்.

முதலில் டிக்கன்ஸ். ‘கிறிஸ்துமஸ் கரோல்’ 1843 டிசம்பர் 19-இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 31. வீட்டில் நாலு குழந்தைகள். ஐந்தாவது பிறக்க இருந்தது. அவர் எழுதிவந்த தொடர்கதை எதிர்பார்த்தபடி விற்கவில்லை. பணமுடையில் ஆறு வாரத்தில் எழுதிய புத்தகம் இது. முதல் பதிப்பு 6,000 பிரதிகள் கிறிஸ்துமஸுக்கு முன்பே விற்றுத் தீர்ந்தன. ஆனால் வர்ணப் படங்களும் தங்க விளிம்பும் வேண்டும் என்று செலவு செய்ததில், 1,000 பவுன் எதிர்பார்த்த மனிதருக்குக் கையில் வந்தது சுமார் 230 பவுன்தான். பணக் கவலையோடு எழுதிய கை அது. அந்தக் கவலை கதைக்குள்ளும் இறங்கியிருக்கிறது.

கருமி ஸ்க்ரூஜைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு முக்கியம் அவனிடம் வேலை பார்க்கும் குமாஸ்தா பாப் கிராட்சிட்டின் வீடு. சம்பளம் வாரத்துக்குப் 15 ஷில்லிங். குழந்தைகள் ஆறு. மூத்தவள் மார்த்தா வேலைக்குப் போகிறாள். கிறிஸ்துமஸ் காலையில்தான் வீடு திரும்புகிறாள். வீட்டில் பெரிய அடுப்பு இல்லை. ஆகவே வாத்தை ரொட்டிக்கடை அடுப்பில் கொடுத்து வாட்டி வாங்கி வருகிறார்கள். அந்த நாளில் லண்டன் ஏழைகள் அப்படித்தான் செய்தார்கள். புட்டிங் வேகிறது துணி வெளுக்கும் கொப்பரையில். மூடியைத் திறந்ததும் சலவை நாளின் வாசனை வருகிறது. வீட்டிலுள்ள கண்ணாடிப் பாத்திரங்கள் இரண்டு டம்ளரும் பிடி உடைந்த ஒரு கோப்பையும்தான்.

இந்தக் காட்சியில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. புட்டிங்கை எடுத்துவரத் தாயார் தனியாகப் போகிறாள். யாரும் உடன்வரக் கூடாது. அது வேகாமல் இருந்துவிட்டால்? எடுக்கும்போது உடைந்துவிட்டால்? சரியாக வந்த பிறகுதான், மாவின் அளவில் தனக்குச் சந்தேகம் இருந்தது என்று வாய்விட்டுச் சொல்கிறாள். குடும்பம் நடத்திய எந்தப் பெண்ணும் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் மேலே படிப்பாள். புட்டிங் சிறியது என்று யாருமே சொல்லவில்லை, நினைக்கவுமில்லை என்கிறார் டிக்கன்ஸ். இத்தனை பேரும் சேர்ந்து காப்பாற்றுகிற ஒரு பொய் அது. அந்தக் குடும்பத்தின் அன்பு எவ்வளவு என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

டிக்கன்ஸிடம் குறையும் உண்டு. ஊன்றுகோலோடு வரும் நோயாளிச் சிறுவன் டைனி டிம்மை அவர் நம் கண்ணீருக்காகவே படைத்திருக்கிறார்; நூல் இழுக்கும் கை தெரிகிறது. அவனைவிட, பெயர்கூட வைக்கப்படாமல் ஓடி ஆடும் இரண்டு சின்னக் குழந்தைகள் உயிரோடு இருக்கிறார்கள். இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. அந்தப் புத்தகத்தின் விலை ஐந்து ஷில்லிங். கிராட்சிட்டின் வாரச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு! தன்னைப் பற்றிய கதையை அந்தக் குமாஸ்தா விலை கொடுத்து வாங்கிப் படித்திருக்க முடியாது.

இரண்டாவது, லூயிஸா மே ஆல்காட்டின் ‘லிட்டில் விமன்’. முதல் பாகம் 1868-இல் வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடக்கும் காலம்; தகப்பனார் போர்முனையில்; வீட்டில் தாயும் நாலு பெண்களும். பரிசு இல்லாத கிறிஸ்துமஸ் என்ற குறையோடு நாவல் தொடங்குகிறது. ஆளுக்கு ஒரு டாலர் இருக்கிறது. தனக்கு வாங்கிக்கொள்ள நினைத்தவர்கள் மனம் மாறி அம்மாவுக்கு வாங்குகிறார்கள். கடைக்குட்டி ஏமி முதலில் சின்ன வாசனைத் தைலப் புட்டி வாங்கி, மிச்சத்தைத் தனக்கு வைத்துக்கொள்கிறாள். மறுநாள் காலையில் வெட்கப்பட்டு ஓடிப்போய்ப் பெரிய புட்டியாக மாற்றி வருகிறாள். குழந்தையின் தியாகம் இப்படித்தான் வரும்: ஒரு ராத்திரி தாமதமாக, கொஞ்சம் கூச்சத்தோடு.

அன்று காலை தாயார் ஒரு ஏழைக் குடும்பத்தைப் பார்த்துவிட்டு வருகிறாள். பச்சைக் குழந்தையோடு ஒரு தாய். குளிருக்குப் பயந்து ஒரே படுக்கையில் ஒடுங்கிக் கிடக்கும் ஆறு குழந்தைகள். உங்கள் காலை உணவை அவர்களுக்குக் கொடுப்பீர்களா என்று கேட்கிறாள். பசியோடு காத்திருந்த பெண்கள் கொடுத்துவிடுகிறார்கள். அன்று மாலையே பக்கத்து வீட்டுப் பணக்காரக் கிழவர் ஐஸ்கிரீமும் கேக்கும் பூச்செண்டுகளும் அனுப்பிவைக்கிறார். காலையில் தர்மம், மாலையில் பலன்! இந்த இடத்தில் உதட்டைச் சுழிக்கும் விமரிசகர்களுடன் எனக்குச் சண்டை இல்லை. கதை இதோடு முடிந்திருந்தால் ஆல்காட்டும் உபதேசக் கதைக்காரர்களில் ஒருவராகப் போயிருப்பார்.

ஆனால் கதை முடியவில்லை. மாதங்கள் போகின்றன. தாயார் ஊரில் இல்லை. அந்த ஏழைக் குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லை. யாராவது போய்ப் பார்க்க வேண்டும். பண்டிகையன்று ஊர்வலமாகப் போன வீடுதான். இப்போது மூத்தவள் களைத்துப் போயிருக்கிறாள்; இரண்டாமவளுக்கு வேறு வேலை இருக்கிறது. தினமும் சத்தமில்லாமல் போய்வருகிறவள் பெத் ஒருத்திதான். அந்த வீட்டுக் கைக்குழந்தை ஸ்கார்லெட் காய்ச்சலில் அவள் மடியிலேயே இறக்கிறது. நோய் அவளையும் பிடிக்கிறது. பிழைத்தாலும் பழைய பலம் திரும்புவதில்லை; இரண்டாம் பாகத்தில் இறந்துபோகிறாள். ஆல்காட்டின் சொந்தத் தங்கை எலிசபெத்துக்கும் இதே காய்ச்சல் 1856-இல், தாயார் உதவப்போன ஓர் ஏழைக் குடும்பத்திலிருந்துதான் வந்தது. 1858-இல் அவள் இறந்தாள்.

இந்த இரண்டு அத்தியாயங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். பண்டிகையன்று கொடுப்பது சுலபம். வீடு முழுவதும் உற்சாகமாக இருக்கிறது, கூடவே நாலு பேர் வருகிறார்கள். சாதாரண செவ்வாய்க்கிழமையில் யார் போவது? வீட்டில் மறுத்துச் சொல்லத் தெரியாத ஒருத்திதான் போவாள். பாரம் அவள் தலையில்தான் விழும். இதை ஆல்காட் அறிவுரையாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி வைத்துவிட்டு விலகிக்கொள்கிறார். மகிழ்ச்சியான கிறிஸ்துமஸ் காட்சி என்று பெயர் வாங்கிய அந்த முதல் அத்தியாயங்களுக்குக் கனம் வருவது இதனால்தான்.

மூன்றாவது, லாரா இங்கல்ஸ் வைல்டரின் ‘லிட்டில் ஹவுஸ் ஆன் தி பிரெய்ரி’. தன் குழந்தைப் பருவத்தைக் கதையாக்கித் தமது 68-வது வயதில், 1935-இல், அவர் வெளியிட்ட புத்தகம். கன்ஸாஸ் புல்வெளியில் தனி வீடு. பக்கத்தில் ஓடை பெருக்கெடுத்து ஓடுகிறது. பரிசு கொண்டுவரும் கிழவர் இதைத் தாண்டி எப்படி வருவார் என்று இரண்டு சிறுமிகள் கவலைப்படுகிறார்கள். பெற்றோரின் கவலை இன்னும் பெரியது: பரிசே இல்லை. கடைசியில், அண்டையில் தனியாக வாழும் எட்வர்ட்ஸ் என்பவர் துணிகளைத் தலையில் கட்டிக்கொண்டு ஓடையை நீந்திவருகிறார். கிழவரை டவுனில் பார்த்ததாகவும், அவர் இந்தக் குழந்தைகளுக்குக் கொடுத்தனுப்பியதாகவும் ஒரு கதை சொல்கிறார்.

என்ன பரிசு? ஆளுக்கு ஒரு தகரக் குவளை, ஒரு பெப்பர்மிண்ட் மிட்டாய்க் குச்சி, ஒரு சின்னக் கேக், ஒரு புதுக் காசு. அவ்வளவுதான். அதுவரை இரண்டு பேருக்கும் ஒரே குவளை. இனி ஆளுக்கு ஒன்று. லாரா கேக்கைத் திருப்பி, கடித்தது தெரியாதபடி அடிப்பக்கத்தில் துளி கொறிக்கிறாள். இந்த ஒரு செய்கைக்காக நான் பல பெரிய நாவல்களைக் கொடுத்துவிடுவேன். தின்னவும் வேண்டும், அப்படியே இருக்கவும் வேண்டும் என்ற குழந்தை மனசு முழுவதும் அந்தச் சின்னப் பல்லடையாளத்தில் இருக்கிறது. பெரியவர்கள் என்ன உணர்ந்தார்கள் என்று ஆசிரியர் விவரிப்பதில்லை. அவர்களுடைய குரல் கொஞ்சம் மாறியதைக் குழந்தை கவனிக்கிறது. காரணம் அதற்குப் புரியவில்லை. நமக்குப் புரிகிறது.

ஆனால் கணக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்த பிறகு, இந்த வீட்டின் கணக்கில் விட்டுப்போன ஒன்றையும் சொல்ல வேண்டும். வீடு நிற்கிற நிலம் ஓஸேஜ் என்னும் பூர்வகுடிகளின் நிலம். 1869-இல் அங்கே குடியேறிய வெள்ளைக்காரர்களுக்குச் சட்டப்படி உரிமை இல்லை. குவளைகளை எண்ணிய பேனா, சொந்த நிலத்தைவிட்டு வெளியேறிய அந்த மக்களின் வீட்டுக் குழந்தைகளை அருகில் போய்ப் பார்க்கவில்லை. அவர்கள் குதிரைமேல் வரிசையாகக் கடந்துபோகும் இடம் புத்தகத்தில் உண்டு; லாரா ஏக்கத்தோடு பார்க்கிறாள், அவ்வளவுதான். இதுபோன்ற காரணங்களுக்காகவே, வைல்டரின் பெயரில் இருந்த ஒரு குழந்தை இலக்கியப் பரிசின் பெயரை அமெரிக்க நூலகர் சங்கப் பிரிவு 2018-இல் மாற்றியது. புத்தகத்தைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். குழந்தைகளுக்குப் படித்துக் காட்டும் பெற்றோர் இதையும் சேர்த்துச் சொன்னால், கேக்கின் ருசி ஒன்றும் குறைந்துவிடாது.

கடைசியாக செகாவ். ‘வான்கா’ 1886-ஆம் வருஷக் கிறிஸ்துமஸ் நாளன்று ஒரு ரஷ்யத் தினசரியில் வந்த கதை. நாலைந்து பக்கம்தான். ஒன்பது வயதுப் பையன். மாஸ்கோவில் ஒரு செருப்புத் தொழிலாளியிடம் வேலை பழகுகிறான். கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி வீட்டார் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். பையன் கசங்கிய காகிதத்தில் தாத்தாவுக்குக் கடிதம் எழுதுகிறான். தொட்டிலில் எஜமான் குழந்தையை ஆட்டியபடியே தூங்கிவிட்டதற்காக அடிவாங்கினேன் என்கிறான். என்னை அழைத்துப் போ என்று கெஞ்சுகிறான். கூடவே, பண்ணை வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்திலிருந்து தங்கத்தாள் சுற்றிய கொட்டை ஒன்றைத் தனக்காக எடுத்துப் பெட்டியில் வைக்கச் சொல்கிறான். அடிபட்ட பையன் கொட்டையையும் மறக்கவில்லை! உறைமேல் ‘கிராமத்திலுள்ள தாத்தாவுக்கு’ என்று விலாசம் எழுதித் தபாலில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறான்.

மற்ற மூன்று கதைகளும் ஒரு வீட்டின் குழந்தைகளைப் பற்றியவை. செகாவ் எண்ணியிருப்பது, வீட்டுக்குள் இருந்தும் அந்த வீட்டுக் குழந்தையாக இல்லாத ஒருவனை. தொட்டிலில் கிடப்பதும் குழந்தை, அதை ஆட்டுகிறவனும் குழந்தை. பண்டிகை ஒன்றுக்கு மட்டும். அந்த எஜமானியம்மாளும் தன் குழந்தையைக் கொஞ்சுகிற தாயாகத்தான் இருப்பாள். அவளை அரக்கியாக்கச் செகாவ் கூடுதலாக ஒரு வார்த்தை எழுதவில்லை. அதனால்தான் கதை நம்மைச் சுடுகிறது. நம் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் அதிக தூரம் இல்லை என்று படுகிறது.

இந்த நாலு பேரையும் வரிசைப்படுத்தச் சொன்னால் செகாவை முதலில் வைப்பேன். ஆல்காட்டை, பலரும் வைக்கிற இடத்துக்கு ஒரு படி மேலே வைப்பேன். டிக்கன்ஸின் புட்டிங்கும் வைல்டரின் கேக்கும் இருக்கவே இருக்கின்றன. பண்டிகைக் கதையை வாசகர்கள் எடைபோட ஒரு வழி சொல்லலாம். அந்த வீட்டில் அன்று அடுப்பருகே நின்றது யார், பாத்திரம் கழுவியது யார், சாப்பிட்டவர்கள் எத்தனை பேர் என்று ஆசிரியரைக் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தெரிந்தவர் அந்த வீட்டுக்குள் போய் இருந்துவிட்டு வந்தவர். மற்றவர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று விளக்கு வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுப் போனவர்கள்.