கல் வெட்டியவன் மகனும் கைமேல் ஏறிய காரும்

2001 ஏப்ரலில், தமிழ் வருசப் பிறப்பையொட்டி ‘பத்ரி’ வந்தது. புவனகிரிக்குப் பக்கத்தில் வெள்ளாற்றங்கரை ஓரம் எங்கள் சேரி. ஆறு சைக்கிளில் பதினோரு பேர் சிதம்பரம் போய்ப் பார்த்தோம். ராத்திரி ஆட்டம் முடிந்து கத்திக்கொண்டே திரும்பினோம். மறுநாள் விடியற்காலை நாலரைக்கே ஆற்றங்கரையில் ஓட்டம் ஆரம்பமாகிவிட்டது. செங்கல் ஒடிக்கப் பார்த்து விரல் வீங்கினவன் ஒருத்தன். டிராக்டர் டயருக்கு அடியில் கையை வைக்கப் போய், ஆத்தாளிடம் விளக்குமாற்றால் வாங்கிக் கட்டிக்கொண்டவன் இன்னொருத்தன். படத்தில் அந்தப் பயிற்சிக் காட்சிக்கு வரும் பாட்டு முழுக்க இங்கிலீசு. எங்களுக்குப் புரிந்தது ‘சோல்ஜர்’ என்ற ஒரே சொல்தான். அதுவே போதுமானதாக இருந்தது.

அந்தப் படத்தைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. வெகுசன சினிமா என்று ஒதுக்கிவிட்டுத் தூய கலை பேசுகிறவர்களுக்கு அந்த விடியற்கால ஓட்டம் தெரியாது. நான் அதில் ஓடினவன். இருபது வருசத்துக்கு மேல் கழித்து எனக்கு ஒரு கேள்வி மட்டும் மிச்சமிருக்கிறது. படத்தில் அந்தப் பையன் எதற்காகச் சண்டை கற்றுக்கொள்கிறான்? நாங்கள் எதற்காகக் கற்றுக்கொள்ள ஓடினோம்? இரண்டும் ஒன்றா?

‘பத்ரி’ ஒரு ரீமேக். 1999இல் பவன் கல்யாண் நடித்து வந்த ‘தம்முடு’ என்ற தெலுங்குப் படம்தான் அது. இரண்டையும் இயக்கியவர் பி.ஏ. அருண் பிரசாத். இரண்டுக்கும் இசை ரமண கோகுலா. அந்த இங்கிலீசுப் பாட்டும் அப்படியே வந்தது. பொறுப்பில்லாமல் சுற்றும் தம்பி, கிக் பாக்சிங் வீரனான அண்ணன். போட்டிக்கு முன்னால் எதிராளி கூட்டம் அண்ணனை அடித்துப் போட்டுவிடுகிறது. தம்பி திருந்தி, உடம்பை வருத்திப் பயிற்சி எடுத்து, அண்ணன் இடத்தில் மேடையேறி ஜெயிக்கிறான். அதே வருசம் கன்னடத்திலும் ‘யுவராஜா’ என்று சிவராஜ்குமார் நடித்து வந்தது.

தெலுங்கையும் தமிழையும் ஒப்பிடுகிறவர்கள் வழக்கமாக ஒன்றைத்தான் பேசுகிறார்கள்: யார் நன்றாக அடித்தது? பவன் கல்யாண் நிசமாகவே தற்காப்புக் கலை கற்றவர், சண்டைகளைத் தானே அமைத்தவர் என்பார்கள். விஜய்க்கு கராத்தே ஹுசைனி, 2025 மார்ச்சில் மறைந்தவர், பயிற்சியாளராகப் படத்திலேயே வருகிறார் என்பார்கள். கை மேல் கார் ஏறுகிற காட்சி எதில் சுத்தம் என்று ஒரு வாதம் நடக்கும். ஒரே இயக்குநர், ஒரே கதை, ஒரே பாட்டு என்று ஆன பிறகு, ஒப்பிட மிச்சம் இருப்பது நாயகனின் உடம்பு மட்டும்தான்.

ஆனால் மூலம் என்பது தெலுங்கோடு நிற்கவில்லை. எதிர்த் திசையில் நடந்து பார்க்க வேண்டும்.

‘தம்முடு’வுக்குப் பின்னால் 1992இல் மன்சூர் கான் எடுத்த ‘ஜோ ஜீத்தா வஹீ சிக்கந்தர்’ இருக்கிறது. ஆமிர் கான் நடித்தது. அதில் கிக் பாக்சிங் கிடையாது, சைக்கிள் பந்தயம். டேராடூனில் பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் ராஜ்புத் கல்லூரி ஒரு பக்கம். ஊர்ப்பிள்ளைகள் படிக்கும் மாடல் கல்லூரி இன்னொரு பக்கம். ஊர்ப்பிள்ளைகளை அவர்கள் ‘பைஜாமா சாப்’ என்று ஏசுகிறார்கள். பைஜாமா கட்டுகிற பயல்கள் என்று அர்த்தம். பந்தயத்தில் ஜெயிப்பது அண்ணனுக்காகத்தான். ஆனால் அந்த ஏச்சுக்கும் சேர்த்துத்தான்.

இன்னும் பின்னால் போனால் 1979இல் வந்த ‘பிரேக்கிங் அவே’ என்ற அமெரிக்கப் படம். பீட்டர் யேட்ஸ் இயக்கியது. ஸ்டீவ் டெசிச்சுக்குத் திரைக்கதைக்காக ஆஸ்கர் கிடைத்தது. இந்திப் படத்தின் சாயல் இதில் இருப்பதைப் பலரும் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். தழுவலா தற்செயலா என்பது எனக்கு முக்கியமில்லை. அதில் யார் சைக்கிள் மிதிக்கிறார்கள் என்பதுதான் முக்கியம்.

இண்டியானா மாநிலத்தின் புளூமிங்டன். சுற்றிலும் சுண்ணாம்புக்கல் குவாரிகள். கல் வெட்டியவர்களின் பிள்ளைகள் நாலு பேர். அவர்களைப் பல்கலைக்கழகத்து மாணவர்கள் ‘கட்டர்ஸ்’ என்று இளக்காரமாகக் கூப்பிடுகிறார்கள். கல் வெட்டிப் பயல்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒரு ராத்திரி அப்பன்காரன் மகனோடு பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கிறான். இந்தக் கட்டடங்களுக்கு நான்தான் கல் வெட்டினேன், கட்டி முடித்த பிறகு இதெல்லாம் நமக்கு மேலான இடம் மாதிரி ஆகிவிட்டது என்கிற பொருளில் பேசுகிறான்.

அந்தக் காட்சியில் எனக்கு நிமிர்ந்து உட்கார வேண்டியதாயிற்று. என் அப்பாயி சித்தாள் வேலைக்குப் போனவள். சிதம்பரத்தில் பஸ் போகும்போது சன்னல் வழியாக விரலை நீட்டுவாள். “இது நா மண்ணு சொமந்தது. இதுக்கு நாலு மாசம் வந்தேன்.” ஒன்றின் உள்ளேயும் அவள் போனதில்லை. இண்டியானாக்காரனும் புவனகிரிக் கிழவியும் ஒரே வசனத்தைப் பேசுகிறார்கள். அவன் வர்க்கத்தைச் சொல்கிறான், இவள் சாதியையும் சேர்த்துச் சொல்கிறாள்.

கடைசிப் பந்தயத்துக்கு அந்த நாலு பையன்களும் எப்படி வருகிறார்கள் தெரியுமா? ‘கட்டர்ஸ்’ என்று நெஞ்சில் எழுதிய சட்டை போட்டுக்கொண்டு வருகிறார்கள். எதைச் சொல்லி ஏசினார்களோ அதையே பெயராக மாட்டிக்கொண்டு ஜெயிக்கிறார்கள். ‘தலித்’ என்ற சொல்லைத் தலைநிமிர்ந்து எடுத்துக்கொண்டவர்களுக்கு, 1972இல் பம்பாயில் ‘தலித் பேந்தர்’ என்று பெயர் வைத்துக்கொண்டவர்களின் வாரிசுகளுக்கு, அந்தச் சட்டையைப் பற்றி விளக்கவுரை தேவையில்லை.

இப்போது வரிசையாக வைத்துப் பாருங்கள். 1979இல் அவமானம் சட்டையில் எழுதியிருக்கிறது. 1992இல் வசனத்தில் இருக்கிறது. 1999இல் அண்ணனின் உடம்பில் விழுந்த அடியாகச் சுருங்கிவிட்டது. சமூகத்தின் அவமானம் குடும்பத்தின் பழியாகிவிட்டது. 2001இல் அதன் நகல். எதிராளி பணக்காரன்தான், திமிர் பிடித்தவன்தான். ஆனால் அவன் ஏன் அப்படி என்று படத்துக்குக் கவலையில்லை. கெட்டவன், அவ்வளவுதான். அடி மட்டும் ஊர் ஊராக நகலாகிப் போயிற்று. அடிக்கான காரணம் வழியிலேயே இறங்கிக்கொண்டது.

சைக்கிள் கிக் பாக்சிங் ஆனதும் சும்மா நடந்ததில்லை. அமெரிக்கப் படத்துப் பந்தயம் நாலு பேர் மாற்றி மாற்றி மிதிக்கிற பந்தயம். நாயகனுக்கு அடிபட்டால் அடுத்தவன் ஏறி மிதித்தாக வேண்டும். இந்தியில் ஒருத்தன் மிதிக்கிறான், ஆனால் பந்தயச் சாலையின் ஓரமெல்லாம் ஊரே நிற்கிறது. கிக் பாக்சிங் மேடையில் ஒருத்தனுக்கு எதிரில் ஒருத்தன். கயிறு கட்டி மற்றவர்களை வெளியே நிறுத்திவிடுகிறார்கள். விளையாட்டை மாற்றியபோதே கூட்டத்தை வெளியேற்றிவிட்டார்கள். நட்சத்திரத்துக்கு அது வசதி. எங்கள் மாதிரி ஆட்களுக்கு, கூட்டமாக நின்றால் ஒழிய எதுவும் கிடைக்காத சனங்களுக்கு, அது நட்டம்.

அந்தக் கார் காட்சியையும் யோசித்துப் பாருங்கள். நாயகன் கை மேல் கார் ஏறினால் சாகசம். நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு வெட்டி லோடு ஏற்றுகிறவன் தோள் மேல் கட்டு ஏறினால் கூலி. உடம்பு தாங்குவதை வேடிக்கை பார்க்கக் காசு கொடுக்கிறோம். தாங்கியே ஆக வேண்டியவனை யாரும் பார்ப்பதில்லை.

‘அப்படியானால் மூலத்தை அப்படியே எடுக்க வேண்டுமா?’ என்று கேட்கலாம். இல்லை. மறுஆக்கம் என்றால் என்னவென்று சிதம்பரத்துக்காரர்களுக்குச் சினிமா வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. நந்தன் கதை இங்கே எத்தனை தடவை மறுபடி எடுக்கப்பட்டது? பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழாரிடம் அவர் கோயில் முழவுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் கொடுத்தவர். அங்கே பண்ணையார் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி ஒரு வேதியப் பண்ணையாரைக் கொண்டுவந்து நந்தனை அவரிடம் அடிமையாக வைத்தார். பிறகு 1935இல் கே.பி. சுந்தராம்பாளும் 1942இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாக நடித்தார்கள். ஆளை மாற்றினார்கள், காட்சியைக் கூட்டினார்கள். சேக்கிழாரிடமிருந்து பாரதி தீயை மட்டும் பத்திரமாக வாங்கிக் கொடுத்தார்.

அயோத்திதாசப் பண்டிதர் நந்தனை அரசன் என்று சொல்லிக் கதையையே திருப்பினார். சுவாமி சகஜானந்தர் 1916இல் இதே சிதம்பரத்தில் நந்தன் பேரிலேயே பள்ளிக்கூடம் திறந்தார். தீ இருந்த இடத்தில் பள்ளிக்கூடத்தை வைத்தார். என் கணக்கில் நந்தன் கதைக்கு வந்த மறுஆக்கங்களில் சிறந்தது அதுதான். பெயரை வைத்துக்கொண்டு முடிவை மாற்றினார். எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று தெரிந்து மாற்றுகிறவன்தான் மறுஆக்கம் செய்கிறான்.

சண்டைப் படங்களிலும் அப்படி உண்டு. 1972இல் புரூஸ் லீ நடித்த ‘ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி’யில் ஷாங்காய்ப் பூங்கா வாசலில் ஒரு பலகை. நாய்களுக்கும் சீனர்களுக்கும் அனுமதியில்லை என்று எழுதியிருக்கும். புரூஸ் லீ அதை எகிறி உதைத்து நொறுக்குவார். அந்தப் பலகை நமக்குத் தெரிந்த பலகை, நம்மூரில் எழுதி மாட்டவில்லை, அவ்வளவுதான். 1994இல் ஜெட் லீ நடித்து அது ‘ஃபிஸ்ட் ஆஃப் லெஜண்ட்’ என்று மறுபடி வந்தபோது, நாயகனுக்கு ஒரு ஜப்பானியக் காதலி, மரியாதைக்குரிய ஒரு ஜப்பானிய ஆசான் என்று மாற்றினார்கள். ஆதிக்கத்தை எதிர்ப்பதும் ஓர் இனத்தையே வெறுப்பதும் வேறு வேறு என்று அந்த மாற்றம் யோசித்தது. அதோடு நாம் சண்டை போடலாம், ஆனால் யோசித்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ‘பத்ரி’யில் அந்த யோசனையே இல்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு, எனக்கு எதிரான சாட்சியையும் நானே சொல்ல வேண்டும்.

படம் வந்த மறு வருசம் கடலூரில் ஒரு போட்டி நடந்தது. எங்களில் ஓட்டத்தை விடாதவன் என் அத்தை மகன் ஒருத்தன்தான். யாரோ போட்டுக் கழித்த வெள்ளை உடுப்பை வாங்கி, முழங்காலில் ஒட்டுப்போட்டு எடுத்துக்கொண்டு போனான். நானும் துணைக்குப் போனேன். பேர் பதிகிற மேசையில் இருந்தவர் ஊரைக் கேட்டார். சொன்னான். “ஊருக்குள்ளயா, காலனியா?” என்றார். அவன் சொன்னான். அவர் எதுவும் சொல்லவில்லை, எழுதிக்கொண்டார். அதற்கப்புறம் சாயங்காலம் வரை அவன் பேரைக் கூப்பிடவில்லை. கேட்டதற்கு நேரமாகிவிட்டது என்றார்கள். மேடையில் தோற்றிருந்தால் அழுதிருப்பான். அன்றைக்கு அழவில்லை. பஸ்ஸில் வரும்போது ஆலப்பாக்கம் தாண்டித்தான் வாயைத் திறந்தான்.

“படத்துல எந்தத் தெருன்னு யாரும் கேக்கல மச்சான்.”

எனக்கு இதைத் தாண்டிப் போக முடியவில்லை. நான் எதைப் படத்தின் குறை என்கிறேனோ, அதில்தான் அவன் நுழைந்திருக்கிறான். காரணத்தை எடுத்துவிட்ட வெற்றிடத்தில் அவன் தன்னுடைய காரணத்தைக் கொண்டுபோய் வைத்தான். தெருப் பேரே கேட்காத ஓர் உலகம் மூன்று மணி நேரத்துக்கு இருந்தது. அது பொய்தான். ஆனால் எங்களை ஆற்றங்கரையில் ஓடவைத்த பொய். இதைச் சொல்லாமல் அந்தப் படத்தைக் கிழித்துப் போட எனக்கு யோக்கியதை கிடையாது.

ஆனாலும், அந்த மேசையில் கேள்வி கேட்டபோது படம் அவனுக்கு ஒரு பதிலும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. கை மேல் கார் ஏறினால் தாங்குவது எப்படி என்று காட்டியது. பேரைக் கூப்பிடாமல் உட்கார வைத்தால் என்ன செய்வது என்று காட்டவில்லை. ‘கட்டர்ஸ்’ சட்டையை அவன் பார்த்திருந்தால் ஒருவேளை எழுந்து கத்தியிருப்பானோ என்னவோ. நானும் கத்தவில்லை. அது என் குற்றம், படத்தின் மேல் போட முடியாது.

2021இல் பா. இரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ வந்தது. அது எந்தப் படத்தின் ரீமேக்கும் இல்லை. ஆனால் இந்த வரிசையில் தொலைந்துபோனதைத் திரும்ப எடுத்து வந்தது. வடசென்னை, அவசரநிலைக் காலம், குத்துச்சண்டை. மேடையில் நிற்பது ஒருத்தன்தான், ஆனால் பின்னால் பரம்பரை நிற்கிறது. கபிலன் ஜெயிக்கிற நேரத்தில் அவன் துணியை உருவி அவமானப்படுத்துகிறார்கள். ஏன் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. அடிக்கான காரணம் மறுபடி மேடையேறிவிட்டது.

என் அத்தை மகன் இப்போது சாயங்காலத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கம்பு சொல்லிக்கொடுக்கிறான். எங்கள் மாமா ஒருத்தரிடம் படித்த சிலம்பம். அந்த மாமாவுக்கு ஊர்த்தெருவில் கம்பு சுற்ற விட்டதில்லை, எல்லைக்கல்லோடு சரி. இப்போது பத்து இருபது பிள்ளைகள், அதில் பாதி பொட்டப்பிள்ளைகள். போன மாதம் உட்கார்ந்து அவர்களுக்கு அந்த அமெரிக்கப் படத்தின் கதையைச் சொன்னேன். சட்டைக் கதைக்கு வந்ததும் ஏழாவது படிக்கிற பிள்ளை ஒருத்தி குறுக்கே கேட்டாள்.

“அப்போ நம்ம சட்டயில என்னா எழுதறது?”

அவன் கம்பை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தான். பதில் நீங்களும் யோசியுங்கள். அடுத்த போட்டிக்கு இன்னும் நாள் இருக்கிறது.