கொடியை உடுத்த நாயகன்: ‘கப்டன் அமெரிக்கா’வின் பழைய இதழ்கள் பற்றிய ஒரு மறுநோக்கு

வெகுசனச் சித்திரக்கதைகளை இலக்கிய ஆய்வின் எல்லைக்குட் கொண்டுவருதல் தகுமா என்ற வினா இன்று பெரிதும் வலுவிழந்துவிட்டது. 1971இல் சிலி நாட்டில் ஏரியல் டோர்ஃப்மனும் ஆர்மன்ட் மத்தலாரும் டொனால்ட் டக் கதைகளை ஏகாதிபத்தியக் கருத்துநிலையின் வெளிப்பாடாக நுணுகி ஆராய்ந்ததன் பின்னர், சிறுவர் வாசிப்பென்று இவற்றைப் புறந்தள்ளுதல் முற்போக்குத் திறனாய்வாளர்க்கு இயலாததாயிற்று. ஆயினும் அவர்கள் முறையை அப்படியே ‘கப்டன் அமெரிக்கா’வுக்குப் பிரயோகிப்பதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. தேசியக் கொடியையே ஆடையாக அணிந்தவனிடம் மறைந்துகிடக்கும் கருத்துநிலை யாதெனத் தேடவேண்டியதில்லை. அது அவன் மார்பிலே வரையப்பட்டிருக்கிறது. அக்கொடியின் பெயரால் நிகழ்ந்தவை அதன் இலட்சியத்தோடு முரண்பட்ட வேளைகளிலே கதை அம்முரண்பாட்டை எவ்வாறு சமாளித்தது என்பதே ஆராயத்தக்கது.

ஜோ சைமனும் ஜக் கேர்பியும் படைத்த முதலாவது இதழ், 1941 மார்ச் என்ற திகதியைத் தாங்கி, 1940 டிசம்பரிலேயே 10 சத விலையில் விற்பனைக்கு வந்தது. நாயகன் ஹிட்லரின் முகத்திற் குத்தும் அட்டைப்படம் பலரும் அறிந்ததே. அமெரிக்கா அப்போது போரில் இறங்கியிருக்கவில்லை. பேர்ள் துறைமுகத் தாக்குதலுக்கு ஏறத்தாழ ஓராண்டு இருந்தது. 1939 பெப்ரவரியில் நியூ யோர்க்கின் மடிசன் சதுக்கப் பூங்கா அரங்கில் அமெரிக்க நாஜி ஆதரவாளர் ஏறத்தாழ இருபதாயிரவர் திரண்டிருந்தனர். தையற்றொழிலால் வாழ்ந்த யூதக் குடும்பங்களிற் பிறந்த அவ்விரு இளைஞரும் தம் அரசின் நடுநிலைக் கொள்கையை முந்திக்கொண்டு பேசினர் என்பதை மறத்தலாகாது. நாட்டுப்பற்றுக் கதை எதுவாயினும் ஆளும் வர்க்கத்தின் குரலே எனச் சூத்திரம் வகுப்போர் இவ்விடத்தில் சற்றுத் தயங்கவேண்டும்.

அவ்விதழில் அட்டைப்படத்தினும் முக்கியமான செய்தியொன்று உள்ளது. தொடரின் பெரும்பகைவனாகப் பின்னர் நிலைபெற்ற ‘செம்மண்டையோடு’ அங்குதான் முதலில் தோன்றுகிறான். முகமூடி அகற்றப்படும்போது வெளிப்படுபவன் ஜேர்மனியன் அல்லன். ஜோர்ஜ் மக்சன் என்னும் அமெரிக்க விமான உற்பத்தி முதலாளி. ஹிட்லர் வென்றால் அமெரிக்கக் கைத்தொழில் முழுவதற்கும் தான் அதிபதியாகலாம் என்ற எதிர்பார்ப்பே அவனது துரோகத்திற்குக் காரணம். பாசிசத்திற்கும் பெருமூலதனத்திற்குமுள்ள உறவைப் பத்துச் சதச் சித்திரக்கதை இத்துணைத் தெளிவாகக் கூறியிருப்பது வியப்பிற்குரியது.

இத்தெளிவு நிலைக்கவில்லை. 1965இல் ஸ்ரான் லீயும் கேர்பியும் அப்பகைவனின் பிறப்பு வரலாற்றை விரித்துரைத்தபோது, அவன் ஹோட்டலிற் பணியாளனாயிருந்த ஓர் ஏழை ஜேர்மன் அனாதை. ஹிட்லரே அவனைத் தெரிந்தெடுத்துப் பயிற்றுகிறான். மக்சனோ உண்மையான செம்மண்டையோட்டின் ஏவலாளாக, வெறும் போலியாகச் சிறுத்துப்போனான். தீமையின் ஊற்று உள்நாட்டு முதலாளியிடமிருந்து அந்நிய நாட்டு வறியவனுக்கு மாற்றப்பட்டது. இதனைத் திட்டமிட்ட சதி என்று கூற நான் துணியேன். எழுதியோர் ஒரு நல்ல கதையைத் தேடினர். அக்காலத்து அமெரிக்காவில் எக்கதை இயல்பானதாகத் தோன்றிற்று என்பதே கவனிக்கத்தக்கது.

போர்க்கால இதழ்களைப் பற்றி நெடிது கூறவேண்டியதில்லை. யப்பானியர் கோரைப்பற்களுடன் மனிதத் தன்மையற்றவராக வரையப்பட்டனர். அவர்களது உறவினரான அமெரிக்கக் குடிமக்கள் 1942 முதல் முகாம்களில் அடைக்கப்பட்ட சூழலோடு அவ்வோவியங்களைப் பொருத்திப் பார்த்தாற் போதும். போர் முடிந்ததும் நாயகன் தேவையற்றவனானான். 1950இல் இதழ் நின்றது. 1953–54இல் அவன் மீண்டும் வந்தபோது ‘கம்யூனிஸ்டுகளை நொருக்குபவன்’ என்பது அட்டையிற் பொறித்த பட்டமாயிருந்தது. அவன் பெயரிலான இதழ் மூன்றோடு மறைந்தது. 1964இலோ, அவன் போரின் இறுதிக் காலம் முதல் பனிக்கட்டியில் உறைந்திருந்தானென்று கதை கூறியது. மக்கார்த்தி காலத்து நாயகன் இருந்ததாகவே அப்போது எவரும் நினைவுகூரவில்லை.

இம்மௌனத்தைக் கலைத்தவர் ஸ்ரீவ் எங்கிள்ஹார்ட். வியற்நாம் போருக்கு மனச்சாட்சி காரணமாக மறுப்புத் தெரிவித்து இராணுவத்தினின்று விலகிய அவர், 1972இல், சால் புஸ்ஸேமாவின் ஓவியங்களோடு எழுதிய கதையில், ஐம்பதுகளின் கப்டன் வேறொருவன் எனக் காட்டினார். ஸ்ரீவ் றொஜேர்சை வழிபட்டு, முகத்தையும் பெயரையும் அவனைப்போல் மாற்றிக்கொண்ட அம்மனிதன், குறைபட்ட மருந்தினாற் சித்தம் கலங்கி, கறுப்பின மக்களையும் கம்யூனிஸ்டுகளாகக் காணத் தொடங்கியவன். இரு கப்டன்களும் மோதும் பக்கங்கள் இத்தொடரின் ஆகச்சிறந்த பக்கங்கள் என்பது என் கருத்து. தேசம் தன் கடந்தகாலத்தை எதிர்கொள்ளும் காட்சி அது. ஆயினும் அக்கடந்தகாலத்திற்குக் கதை கற்பித்த காரணம் மருந்தின் குறைபாடு. ஒரு தசாப்தத்து அரசியல் ஒருவனுடைய நோயாகச் சுருங்கிவிடுகிறது; மக்சனைப் போலவே இவனும் போலி.

1974இல் வந்த ‘இரகசியப் பேரரசு’ இதழ்கள் மேலும் துணிந்தவை. சதிக்கூட்டத்தின் தலைவனை நாயகன் வெள்ளை மாளிகைக்குள்ளேயே துரத்திப் பிடிக்கிறான். முகமூடி அகன்றதும் அவன் தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறான். முகம் காட்டப்படவில்லை, பெயரும் கூறப்படவில்லை. நிக்ஸனையே கருதியதாக ஆசிரியர் பின்னர் தெரிவித்தார். அவ்வாண்டு ஓகஸ்டில் நிக்ஸன் பதவி துறந்தார். செப்டெம்பரில் ஃபோர்ட் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். கதையிற் குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்தது. நிறுவனம் தூய்மையடைந்ததான உணர்வும் எஞ்சியது. நாயகன் கொடியைக் களைந்து ‘நாடோடி’ என்ற பெயர் பூணுகிறான்; ஆனால் நான்கே இதழ்களில், 1975இல், மீண்டும் அதனையே அணிகிறான்.

இவற்றுக்கிடையே 1969 முதல் அவன் அருகில் நின்றவன் ஹார்லெம் நகர்ப்பகுதியின் சாம் வில்சன், ‘ஃபல்கன்’. 1971 முதல் அவன் பெயரும் அட்டையில் இடம்பெற்றது. ஹார்லெமின் சமூகப்பணியாளனாக அவன் காட்டப்பட்ட இதழ்களில், கொடிக்கும் தெருவுக்குமுள்ள தூரம் ஓரளவு புலனாகிறது. எங்கிள்ஹார்ட் விடைபெற்ற 1975ஆம் ஆண்டு இதழிலோ, சாம் முன்னர் குற்றக் கும்பலைச் சேர்ந்தவனென்றும், அவனது நற்குணம் செம்மண்டையோடு புனைந்த செயற்கையென்றும் கூறப்பட்டது. வெள்ளை நாயகனின் கறைகள் போலிகள்மேற் சுமத்தப்பட்டன. கறுப்பின நாயகனுக்கோ அவனது நேர்மையே போலியெனப்பட்டது. நிக்ஸனைத் தீட்டிய அதே கைக்கு இது உறுத்தவில்லை என்பதை எளிதில் மன்னிக்க முடியவில்லை.

போலிகளை நாடாது அரசையே நேரடியாகச் சுட்டிய கதை 2003இல் றொபேர்ட் மொராலசும் கைல் பேக்கரும் ஆக்கிய ‘ட்ரூத்’. 1932 முதல் 1972 வரை ரஸ்கீகியிற் கறுப்பின ஆடவர்மீது அரசின் பொதுச் சுகாதாரச் சேவை நடத்திய மேகநோய்ப் பரிசோதனையின் நினைவை அடியொற்றி, கப்டனுக்குரிய மருந்து கறுப்பினப் படைவீரர் உடல்களிற் சோதிக்கப்பட்டதாக அது கூறுகிறது. உயிர்தப்பிய ஐசையா பிராட்லிக்கு நாடு அளித்த பரிசு சிறை. எனினும் இவ்வேழு இதழ்களும் தொடரின் வரிசையெண்களுக்கு வெளியே தனிநூலாகவே வந்தன.