செயினின் அளவான தொய்வு

ஜொகூர் பாரு பட்டறைகளில் காப்சாய் எனப்படும் சிறிய மோட்டார் சைக்கிளுக்குச் செயின் சரிசெய்வதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். 1924-இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தைத் தாண்டி தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் வண்டிகள் பல. மழையும் மணலும் தின்ற செயின்கள்.

நல்ல மெக்கானிக் எடுத்த எடுப்பில் ஸ்பானரைத் தொடுவதில்லை. சக்கரத்தை மெல்லச் சுற்றி, செயின் எங்கே மிக இறுக்கமாக இருக்கிறதென்று விரலால் தேடுகிறார். தேய்மானம் எல்லாக் கண்ணியிலும் ஒன்றுபோல் இராது. தொய்வை அளக்க வேண்டியது அந்த இடத்தில்தான். கீழ்ச்செயினின் நடுவில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆட்டம் வேண்டும். ஆள் ஏறி உட்கார்ந்து பின்சக்கரம் மேலெழும்போது பல்சக்கரங்களுக்கு இடையே தூரம் கூடும். தொய்வில்லாவிட்டால் கியர்பாக்ஸ் பேரிங்தான் அடி வாங்கும்.

பிறகு அச்சு நட்டைத் தளர்த்தி, இருபக்க அட்ஜஸ்டரையும் கால் சுற்று, கால் சுற்றாக ஒரே அளவு திருப்புகிறார். ஸ்விங்ஆர்மில் உள்ள கோடுகளை மட்டும் நம்பாமல், பின்னால் குந்தி ஒற்றைக் கண்ணால் செயினின் நேர் பார்க்கிறார். எனக்கு மிகப் பிடித்த நிமிடம் அது. அச்சை இறுக்கியபின் தொய்வை மறுபடி சோதிக்கிறார்; இறுக்கும்போதே அது மாறிவிடுவதுண்டு. சக்கரம் பின்னே நகர்ந்ததால் டிரம் பிரேக் மிதியின் ஆட்டமும் மாறியிருக்கும். அதையும் சரிசெய்த பிறகே சாவியைத் தருகிறார்.