காசு சேகரிப்போரும் இணைய ஆய்வுக் களஞ்சியங்களும்

பழங்காசு ஒன்று கைக்குக் கிடைத்ததும் சேகரிப்பவர் பலர் முதலில் கேட்பது அதன் விலையைத்தான். எந்த அரசன் காலத்தது, எடை எவ்வளவு, எந்த உலோகம் எவ்வளவு கலந்துள்ளது என்ற வினாக்கள் பின்னரே எழுகின்றன. இவற்றுக்கு விடை தேடிப் பெருநகர நூலகங்களுக்கு அலைந்த காலம் போய்விட்டது. ஆய்வேடுகளைத் தொகுத்து வைத்துள்ள இணையக் களஞ்சியங்கள் இன்று வீட்டிலேயே வழிகாட்டுகின்றன. அவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம்?

முதலில் நிறையைச் சொல்வோம். 1858-ல் தோன்றிய அமெரிக்க நாணயவியல் கழகம், நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து 'ஓக்ரே' என்னும் தளத்தை அமைத்துள்ளது. ரோமப் பேரரசின் காசுகள் அதில் வகை வகையாக எண்ணிடப்பட்டுள்ளன. பல வகைகளுக்கு அருங்காட்சியகக் காசுகளின் படம், எடை, விட்டம் ஆகியவையும் உண்டு. கட்டணம் இல்லை. ஒரே வகையான பத்துக் காசுகளின் எடைக்குச் சராசரி கண்டு, நம்மிடமுள்ள காசுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். தேய்மானத்தால் விளக்க முடியாத அளவுக்கு எடை வேறுபட்டால், காசு போலியோ என்று ஐயுறலாம். பள்ளி மாணவரும் செய்யத்தக்க சோதனை இது.

இனிக் குறைக்கு வருவோம். 'ஜேஸ்டோர்' களஞ்சியம் 2011-ல் ஒரு நற்செயல் செய்தது. அமெரிக்காவில் 1923-க்கு முன்பும், பிற நாடுகளில் 1870-க்கு முன்பும் வெளியான கட்டுரைகளை எவரும் படிக்கத் திறந்துவிட்டது. 2020-ல், பதிவு செய்துகொண்டவர்கள் மாதம் 100 கட்டுரைகள் வரை திரையில் படிக்கவும் வழி செய்தது. ஆயினும் எல்லா இதழ்களும் இதில் அடங்கா. பல இதழ்களின் அண்மை ஆண்டுகள் களஞ்சியத்தில் இருப்பதே இல்லை. எனவே பணமில்லாத மாணவர் கைக்கு எளிதில் எட்டுவது பழைய கருத்து. அதன் திருத்தம் பெரும்பாலும் எட்டுவதில்லை.

இதனால் விளையும் தீங்கு என்ன? ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். ரோமப் பேரரசன் நீரோ கி.பி. 64-ல் தெனாரியஸ் என்னும் வெள்ளிக் காசின் தரத்தைக் குறைத்தான். வாக்கர் என்ற ஆய்வாளர் 1970-களில் இக்காசுகளின் விளிம்பைச் சிறிது தேய்த்து, எக்ஸ் கதிர் முறையில் சோதித்தார். வெள்ளி 90 விழுக்காட்டுக்கும் மேல் என்று விடை கிடைத்தது. பின்னர் புட்சர், பான்டிங் என்னும் இருவர் காசின் உட்பகுதியிலிருந்து துளையிட்டு உலோகம் எடுத்துச் சோதித்தனர். அப்போது கிடைத்த விடை ஏறத்தாழ 80 விழுக்காடே!

காரணம் எளியது. எக்ஸ் கதிர் முறை மேற்பரப்பின் மெல்லிய படலத்தை மட்டுமே அளக்கிறது. காசு செய்யும்போது சூடேற்றுவதால் மேற்பரப்பிலுள்ள செம்பு ஆக்சைடாகிறது. அமிலம் அதைக் கரைத்து நீக்கிவிடுகிறது. மண்ணில் புதைந்து கிடக்கும்போதும் செம்பு மேலும் வெளியேறுகிறது. எஞ்சும் தோல் வெள்ளி மிகுந்தது. வாக்கர் தேய்த்த ஆழம் அத்தோலைக் கடக்கப் போதவில்லை.

இது நமக்கும் தொடர்புள்ள செய்தியே. கோவை வட்டாரத்தில் கிடைத்த தெனாரியஸ் காசுகளில் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. நீரோ செய்த மாற்றத்துக்குப் பிந்தியவை அரிது. இந்நாட்டு வணிகர் புதுக்காசை ஒதுக்கினரா என்று ஆராய்பவருக்கு, 90-க்கும் 80-க்கும் இடையிலுள்ள வேறுபாடு சிறிதன்று.

களஞ்சியத்தில் திருத்தப்பட்ட கட்டுரையும் திருத்திய கட்டுரையும் ஒரே தோற்றத்துடன் நிற்கின்றன. முன்னதன் தலைப்பில் ஓர் எச்சரிக்கைக் குறிப்பேனும் சேர்ப்பது அதை நடத்துவோர் கடமை. அதுவரை நீங்கள் மூன்றைக் கவனியுங்கள்: கட்டுரை வெளியான ஆண்டு, அளந்த முறை, பின்வந்தோர் அதை ஏற்றனரா என்பது. இம்மூன்றையும் பார்த்த பிறகே கட்டுரையிலுள்ள எண்ணை உங்கள் குறிப்பேட்டில் எழுதுங்கள்.